வேதியியலில் விடை எழுதவும் கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து, மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் திருப்புதல் தேர்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. அரசுப் பள்ளியில் வேதியியல் முதுகலை ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பொதுத்தேர்வு விடைத்தாள்களை மதிப்பீட்டு முகாம்களில் உதவித் தேர்வாளராக அமர்ந்து திருத்தியவனும்கூட. அந்த அனுபவத்திலிருந்து ஒரு கருத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஆசிரியர்கள் முன்பும், பெற்றோர் முன்பும், தேர்வுத்துறை முன்பும் வைக்க விரும்புகிறேன். வேதியியலில் நம் பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி, பாடத்தை நன்றாகப் படித்திருந்தும் அதை விடையாக எழுதத் தெரியாததால் போவது. எழுதும் முறையைத் தனியாக உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளில் அநேகமாக இல்லை.

மேல்நிலை இரண்டாம் ஆண்டு வேதியியல் எழுத்துத் தேர்வு இன்று 70 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் நடக்கிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஒன்பதுக்கு ஆறு. மூன்று மதிப்பெண் வினாக்களிலும் ஒன்பதுக்கு ஆறு. இவ்விரு பகுதிகளிலும் ஒவ்வொரு வினா கட்டாய வினா. கடைசியாக, 'அல்லது' என்று மாற்று வினாவுடன் வரும் ஐந்து மதிப்பெண் வினாக்கள் 5. செய்முறைத் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. முன்பு ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண் என்றிருந்தது. அப்போது வேதியியல் எழுத்துத் தேர்வே 150 மதிப்பெண்ணுக்கு நடந்ததால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்த மதிப்பெண் அவ்வளவாகக் கண்ணில் உறுத்தவில்லை. இப்போது நிலைமை வேறு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகு, பொறியியல் சேர்க்கை முழுவதும் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. வேதியியலில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் அரை மதிப்பெண் போகிறது. அந்த அரை மதிப்பெண் இடைவெளிக்குள் பெருந்திரளான மாணவர்கள் நெருங்கி நிற்கிறார்கள் என்பது கலந்தாய்வுக்குப் போய் வந்த ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரியும்.

முதலில் ஒரு மதிப்பெண் வினாவையே எடுத்துக்கொள்வோம். மிகவும் ஏற்புடைய விடையைத் தேர்ந்தெடுத்துக் குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அவசரத்தில் குறியீட்டை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களும், 'ஆ' என்று குறித்துவிட்டு 'இ'-யில் உள்ள விடையை எழுதுகிறவர்களும் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்று தவறானாலும் அந்த வினாவுக்கு மதிப்பெண் கிடையாது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு வகுப்புத் தேர்விலும் குறியீடும் விடையுமாகவே எழுத வேண்டும் என்று கண்டிப்பாக வைத்திருந்தால் பழக்கமாகிவிடும்.

கணக்குகளில்தான் விரிவாகப் பேச வேண்டியது இருக்கிறது. வேதிவினை வேகவியலில், முதல் வகை வினை ஒன்று 99.9 விழுக்காடு நிறைவடைய ஆகும் காலம், அதன் அரைவாழ்காலத்தைப் (செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) போல் ஏறத்தாழ பத்து மடங்கு என நிறுவுக என்று ஒரு வினா உண்டு. வாய்பாடு எல்லாருக்கும் மனப்பாடம். தொடக்கச் செறிவு 100 என்பதையும் எழுதிவிடுவார்கள். அடுத்த வரியில், வினைபட்ட பிறகு மீதமிருக்கும் செறிவை எழுத வேண்டிய இடத்தில் 99.9 என்று எழுதிவிடுவார்கள். வினைபட்டுத் தீர்ந்த பங்குதான் 99.9, மீதி 0.1. இந்த ஓர் இடத்தில் தவறினால், 1000-இன் மடக்கை 3 என்று அழகாக முடிய வேண்டிய கணக்கு, முடிவே வராமல் அரைப்பக்கம் ஓடும். எப்படியும் விடை பத்து மடங்கு என்று தெரிந்திருப்பதால், மாணவன் கடைசி வரியில் அதை மட்டும் எழுதி முடித்துவிடுவான். திருத்துகிறவருக்கு அது உடனே தெரியும். வாய்பாட்டை எழுதியதற்கு உரிய மதிப்பெண் கிடைக்கலாம். அதற்கு மேல் கொடுப்பதற்கு அந்த விடையில் எதுவும் இருக்காது.

இதே மாணவனிடம், வாய்பாட்டை எழுதுவதற்கு முன்பு, தரப்பட்டவை இவை, கண்டறிய வேண்டியது இது என்று இரண்டு வரி எழுதும் பழக்கம் இருந்திருந்தால், "தொடக்கத்தில் 100, வினைபட்டது 99.9, மீதம் 0.1" என்று அவனே எழுதியிருப்பான்; எழுதும்போதே சிக்கல் தீர்ந்திருக்கும். அந்த இரண்டு வரிகளை நேரத்தை வீணாக்கும் சடங்காக நினைத்துப் பல மாணவர்கள் தவிர்க்கிறார்கள். சில ஆசிரியர்களும் "நேரே கணக்குக்குப் போ" என்று சொல்கிறார்கள். கணக்கு சரியாக வருவதே அந்த இரண்டு வரிகளால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

திடநிலைமைப் பாடத்தில் அடர்த்தி காணும் கணக்கும் அப்படித்தான். பேரியம் பொருள்மைய கனச்சதுர அமைப்பில் படிகமாகிறது, அலகுகூட்டின் விளிம்பு நீளம் 508 பிகோமீட்டர், அணுநிறை 137.3, அடர்த்தி என்ன என்று கேட்டால், பாடத்தில் தேர்ச்சி உள்ள மாணவன் செய்ய வேண்டியவை மூன்றே. பொருள்மைய அமைப்பில் ஓர் அலகுகூட்டுக்கு 2 அணுக்கள் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். 508 பிகோமீட்டர் என்பது 5.08 × 10⁻⁸ சென்டிமீட்டர் என்று மாற்ற வேண்டும். பிறகு பிரதியிட வேண்டும். விடை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிராம். விடைத்தாள்களில் நான் கண்டது வேறு. எண்ணிக்கை 2 என்பது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் பிரதியிடுவார்கள். அலகை மாற்றாமல் 508-ஐ அப்படியே மும்மடியாக்குவார்கள். விடை பத்தின் அடுக்கில் எங்கோ போய்விடும். அதற்குக் கீழே அலகும் இருக்காது. கால்குலேட்டருக்கு அனுமதி இல்லாத தேர்வில் பெருக்கல் வகுத்தல் சற்றுப் பிசகுவது இயல்பே. அதற்காக முழு மதிப்பெண்ணும் போவதில்லை. படிகளைக் காட்டியிருந்தால் படிக்குரிய மதிப்பெண் வந்துவிடும். படிகளே இல்லாத இடத்தில், கடைசி எண் தவறிவிட்டால் எதைப் பார்த்து மதிப்பெண் இடுவது?

வந்த விடை நியாயமானதா என்று ஒரு முறை பார்ப்பதும் விடை எழுதுவதில் ஒரு பகுதிதான். 10⁻⁸ மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பை (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் எண்) கேட்டால், பெரும்பாலோர் மடக்கை எடுத்து 8 என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது காரமாகிவிடுமா என்று அந்த இடத்தில் ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்ள யாராவது பழக்கியிருந்தால், நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது தானாகவே நினைவுக்கு வரும். முறையாகச் செய்தால் 6.98 என்று, 7-க்குச் சற்றே குறைவாக வரும். அமிலத்துக்கு 7-க்கு மேல் விடை வந்தால், எழுதியவனுக்கே அது உறுத்த வேண்டும். அந்த உறுத்தல் வருவதற்காகத்தானே ஈராண்டு இந்தப் பாடத்தை நடத்துகிறோம்?

அடுத்தது, 'காரணம் கூறுக' என்று தொடங்கும் வினாக்கள். எத்தனாலைவிடப் பீனால் அமிலத்தன்மை மிக்கது, ஏன் என்ற வினாவுக்கு, "பீனால் அமிலத்தன்மை உடையது, எத்தனால் நடுநிலைத் தன்மை உடையது, ஆகவே பீனால் அதிக அமிலத்தன்மை உடையது" என்று எழுதியிருப்பார்கள். கேட்ட கேள்வியையே வேறு வரிசையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் பீனாலின் பி.கே.ஏ. மதிப்பு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல் என்று காட்டும் எண்) சுமார் 10, எத்தனாலுக்குச் சுமார் 16 என்று எழுதுவார்கள். அது சரியான தகவல்தான். ஆனால் அது வேறுபாட்டின் அளவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. புரோட்டானை இழந்த பிறகு கிடைக்கும் பீனாக்சைடு அயனியின் எதிர்மின்சுமை பென்சீன் வளையத்தில் உடனிசைவால் (எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நில்லாமல் பல அணுக்களில் பகிரப்படுவது) பரவி நிலைப்புத்தன்மை பெறுகிறது என்பதும், ஈத்தாக்சைடு அயனியில் அந்த வாய்ப்பு இல்லை, எத்தில் தொகுதி எலக்ட்ரானைத் தள்ளுவதால் எதிர்மின்சுமை மேலும் செறிகிறது என்பதுமே காரணம். உடனிசைவு அமைப்புகளை வரைந்து, கீழே இந்த இரண்டு வாக்கியங்களை எழுதிவிட்டால் போதும். ஒரு பக்கம் நிரப்ப வேண்டியதில்லை.

துத்தநாக அயனி நிறமற்றது, தாமிர அயனி நிறமுள்ளது என்பதற்கும் இதே முறைதான். ஒன்றில் டி ஆர்பிட்டால்கள் 10 எலக்ட்ரான்களால் நிறைந்துவிட்டன. மற்றதில் 9 மட்டுமே இருப்பதால் டி-டி இடப்பெயர்ச்சிக்கு (ஒளியை உறிஞ்சி எலக்ட்ரான் ஒரு டி ஆர்பிட்டாலிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது) இடமிருக்கிறது. எண்ணிக்கையை எழுதிவிட்டு இடப்பெயர்ச்சியைச் சொல்லாமல் விடுகிறவர்களே அதிகம். அணைவுச் சேர்மங்களில் நிக்கலின் டெட்ராசயனோ அணைவு டயா காந்தத் தன்மையும் (இணையாத எலக்ட்ரான் இல்லாதது) டெட்ராகுளோரோ அணைவு பாரா காந்தத் தன்மையும் (இணையாத எலக்ட்ரான் உள்ளது) கொண்டிருப்பது ஏன் என்று கேட்டால், இனக்கலப்பின் பெயரை மட்டும் சரியாக எழுதி முடித்துக்கொள்கிறார்கள். சயனைடு வலிமை மிக்க ஈனி (மைய உலோக அயனியோடு இணையும் தொகுதி) என்பதால் டி ஆர்பிட்டால் எலக்ட்ரான்கள் இணைகின்றன, அதனால் தளச்சதுர வடிவம். குளோரைடு வலிமை குறைந்த ஈனி என்பதால் இணையாத எலக்ட்ரான்கள் 2 அப்படியே நிற்கின்றன, அதனால் நான்முகி வடிவம், காந்தத் திருப்புத்திறன் √8, அதாவது சுமார் 2.83 போர் மேக்னட்டான். ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வருகிறது என்பதை "அதனால்" என்ற சொல்லைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை எழுதியவுடன், அதற்கு முன்னால் காரணம் இருக்கிறதா என்று எழுதுகிறவனே பார்க்கத் தொடங்குவான்.

கரிம வேதியியலில் போகும் மதிப்பெண், சமன்பாட்டில் வினை நிபந்தனைகளை எழுதும் இடமான அம்புக்குறிக்கு மேலே போகிறது. எத்தனாலோடு அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்து 443 கெல்வினில் சூடுபடுத்தினால் ஈத்தீன். எத்தனாலை மிகுதியாகக் கொண்டு 413 கெல்வினில் சூடுபடுத்தினால் டைஎத்தில் ஈதர். வினைபடுபொருளும் அமிலமும் ஒன்றேதான். வெப்பநிலைதான் விளைபொருளை முடிவு செய்கிறது. அம்புக்குறிக்கு மேல் வெப்பநிலையை எழுதாத சமன்பாட்டை எந்த வினைக்கு உரியதாக எடுத்துக்கொள்வது? பீனாலோடு புரோமின் நீரைச் சேர்த்தால் 2,4,6-ட்ரைபுரோமோபீனால் வெள்ளை வீழ்படிவாகக் கிடைக்கிறது. அதே புரோமினைக் கார்பன் டைசல்பைடில் கரைத்துத் தாழ்ந்த வெப்பநிலையில் சேர்த்தால் ஆர்த்தோ, பாரா புரோமோபீனால்கள் கிடைக்கின்றன. கரைப்பானை எழுதாமல் விட்டால் விடையில் பாதி போயிற்று என்று கொள்ள வேண்டியதுதான்.

இந்த வெள்ளை வீழ்படிவைப் பற்றி இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் ஆண்டு முழுவதும் செய்து பார்த்த பள்ளிகளின் மாணவர்கள் வீழ்படிவின் நிறத்தை மறப்பதே இல்லை. செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் ஆய்வகக் கதவைத் திறக்கும் பள்ளிகளின் மாணவர்கள் "வீழ்படிவு உண்டாகிறது" என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் ஆய்வகத்துக்கும் தொடர்பில்லை என்று நினைக்கும் தலைமையாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பென்சீன் வளையத்தை வரைவதும் அப்படியே. வெறும் அறுகோணம் வரைந்து, அதில் ஹைட்ராக்சில் தொகுதியை இணைத்து, பீனால் என்று கீழே எழுதுகிறார்கள். உள்ளே இரட்டைப் பிணைப்புகளோ வட்டமோ இல்லாத அந்த அமைப்பு வளைய ஹெக்சனால். அது பீனாலுக்குரிய வினைகளில் பலவற்றைக் கொடுக்காது. மாணவன் மனத்தில் இருப்பது பீனால்தான் என்பது திருத்துகிறவருக்குத் தெரியும்; ஆனாலும் தாளில் இருப்பதற்குத்தான் மதிப்பெண் இட முடியும். ஐந்து மதிப்பெண் வினாவில் இதே பிழையை நான்கு இடங்களில் செய்துவிட்டு, பிறகு விடைத்தாள் நகல் பெற்றுப் பார்த்துக் கலங்கிய மாணவர்களையும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். மறுகூட்டலாலும் மறுமதிப்பீட்டாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

சேர்மங்களைக் கண்டறியும் வினாவும் இந்த வரிசையில் வருவதே. 2 கார்பன், 6 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட 'அ' என்ற சேர்மம் அடர் கந்தக அமிலத்தோடு 443 கெல்வினில் 'ஆ'-வைத் தருகிறது, 'ஆ' குளிர்ந்த நீர்த்த காரங்கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நிறமிழக்கச் செய்து 'இ'-யைத் தருகிறது என்று கேட்டால், எத்தனால், ஈத்தீன், எத்திலீன் கிளைக்கால் என்று மூன்று பெயர்களை மட்டும் எழுதி வைக்கிறார்கள். டைமெத்தில் ஈதருக்கும் அதே மூலக்கூறு வாய்பாடுதானே? அதை விட்டு எத்தனாலை ஏன் எடுத்தோம் என்பதற்கு நீரகற்றல் வினைதான் சான்று என்று ஒரு வாக்கியம் எழுதினால்தான் அது கண்டறிந்ததாகும். பெயரை மட்டும் எழுதினால் ஊகித்ததாகத்தான் தோன்றும். இரண்டு சமன்பாடுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அருகில் வினாவில் தரப்பட்ட எந்தக் குறிப்பு அதை உறுதி செய்கிறது என்று சுட்டிக்காட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் மாணவர்கள் மேல் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. ஜனவரி பிறந்ததும் பல பள்ளிகளில் பாடம் நடத்துவது நின்றுபோய், 'முக்கிய வினாக்கள்' என்ற பெயரில் சில தாள்களைக் கொடுத்து, காலை சிறப்பு வகுப்பு, மாலை சிறப்பு வகுப்பு என்று மனப்பாடம் செய்து ஒப்பிக்க வைக்கிறார்கள். பாடத்தின் பின்னால் உள்ள வினாக்களுக்கு உரைநூலில் உள்ள விடையை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறவனே சிறந்த மாணவன் என்று ஆகிவிடுகிறது. ஆனால் கட்டாய வினாக்கள் பெரும்பாலும் கணக்காகவோ, பாடத்தின் உள்ளிருந்து எடுத்துச் சற்றே மாற்றிக் கேட்கும் வினாவாகவோ வருகின்றன. அங்கே உரைநூல் உதவாது. மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று நாம் ஒதுக்கி வைக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய அநீதி. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15, மொத்தத்தில் 35 எடுத்தால் தேர்ச்சி என்று கணக்குப் போட்டு, அவர்களுக்கு ஒரு சிறு கையேட்டை மட்டும் கொடுத்து மனப்பாடம் செய்ய விடுகிறோம். நான் பார்த்தவரை, அந்தப் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்காதது நீண்ட பத்திகள்தான். தரப்பட்டவை, வாய்பாடு, பிரதியிடல், விடை, அலகு என்று படிப்படியாக எழுதுவது அவர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரம் ஒதுக்குவதில்லை.

பாடங்கள் 15, கிடைக்கும் நாட்கள் குறைவு, இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று என்னோடு பணியாற்றிய ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மற்றப் பணிகளால் ஆசிரியர்களின் நேரம் எப்படிக் கரைகிறது என்பதை நான் அறிவேன். ஆயினும் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென்று வைத்தால் போதும். ஒரே ஓர் ஐந்து மதிப்பெண் வினாவைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் எழுதச் சொல்லி, தாள்களை மாற்றிக்கொண்டு, கரும்பலகையில் படிக்குப் படி மதிப்பெண்ணோடு விடையை எழுதி, ஒருவர் தாளை மற்றவர் திருத்தச் சொல்லுங்கள். பக்கத்து மாணவனின் தாளில் அலகு இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்த பையன், தன் தாளில் அலகை மறக்க மாட்டான். தேர்வுத் தாள்களைத் திருத்தித் தரும்போதும், மேலே மொத்த மதிப்பெண்ணை மட்டும் போடாமல், எந்த வரியில் மதிப்பெண் போயிற்று என்பதை ஓரத்தில் ஒரு கோடு போட்டாவது காட்ட வேண்டும். 70-க்கு 46 என்று மட்டும் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து மாணவன் என்ன கற்றுக்கொள்வான்?

வினாத்தாளைப் படிக்கும் பழக்கமும் இதில் அடங்கும். வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சாகிறது; தேர்வு தொடங்கும் முன் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 10 நிமிடம் தரப்படுகிறது. தமிழ்வழி மாணவர்கள், ஒரு கலைச்சொல் ஐயமாக இருந்தால் கீழே உள்ள ஆங்கில வடிவத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். 'வரையறு', 'வேறுபடுத்துக', 'வருவி' என்ற சொற்களில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று அடிக்கோடிடுவதற்கும் அந்த நேரத்தைப் பயன்படுத்தலாம். வேறுபடுத்துக என்று கேட்டால் இரண்டு பத்தி எழுதாமல், இடமும் வலமுமாக அட்டவணை போட்டு, ஒரே பண்பை இருபுறமும் ஒப்பிட்டு எழுத வேண்டும் என்பதைக்கூடப் பலர் அறியாமலேயே தேர்வுக்கு வருகிறார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாதிரி வினாத்தாள்களை வெளியிடும் நாளிதழ்கள், வாரம் ஒரு வினாவுக்கேனும், ஒரு மாணவர் தம் கையெழுத்தில் எழுதிய விடையை அப்படியே அச்சிட்டு, எந்தப் படிக்கு எவ்வளவு மதிப்பெண், எங்கே ஏன் குறைந்தது என்பதை அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரைக் கொண்டு பக்கத்தில் எழுதச் செய்யலாம். பத்து வினாத்தாள்கள் தருவதைவிட இது மாணவர்களுக்கு அதிகம் உதவும். சிற்றூர்களில், தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத வீடுகளில், பள்ளி நூலகத்து நாளிதழை நம்பியிருக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதைக் கேட்கிறேன்.

தேர்வுத்துறை செய்யக்கூடியதும் இருக்கிறது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் வினாத்தாள் ஒவ்வொன்றோடும், படிவாரியான மதிப்பெண் பகிர்வுடன் விடைக்குறிப்பை வெளியிட்டு, அது மாணவர் கைக்கே போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். கருத்து மாறாமல் இருந்தால் மாணவர் தம் சொந்த நடையில் எழுதலாம் என்பது மதிப்பீட்டில் ஏற்கப்பட்ட நடைமுறை. இது மாணவர்களுக்குத் தெரியாததால்தான் உரைநூல் வாக்கியத்தில் ஒரு சொல் மறந்தாலும் பதறிப்போய் விடையையே விட்டுவிடுகிறார்கள்.

இதே தாராளம் கணக்குகளில் மாற்று வழிக்கும் இருக்க வேண்டும் என்று, மதிப்பீட்டு முகாமுக்குச் செல்லவிருக்கும் இளம் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வகை வினையில் பத்து மடங்கு என்று நிறுவும் கணக்கைக் குறித்து மேலே எழுதினேன். அதற்கு மடக்கையே எடுக்காமல், ஒவ்வோர் அரைவாழ்காலத்திலும் செறிவு பாதியாகிறது, பத்து அரைவாழ்காலம் கடந்தால் மீதமிருப்பது தொடக்கச் செறிவில் 1024-இல் ஒரு பங்கு, அது ஏறத்தாழ 0.1 விழுக்காடு, ஆகவே 99.9 விழுக்காடு வினை முடிந்துவிட்டது என்று நான்கு வரியில் எழுதியிருந்த ஒரு விடையை முகாமில் கண்டேன். விடைக்குறிப்பில் உள்ள வாய்பாடு இல்லை என்பதால் அதற்கு எவ்வளவு மதிப்பெண் இடுவது என்று எங்கள் மேசையில் விவாதமே நடந்தது. அரைவாழ்காலம் என்றால் என்ன என்பதை அந்த மாணவரைவிடத் தெளிவாக எழுதியவர் அன்று நான் திருத்திய தாள்களில் எவரும் இல்லை. இத்தகைய விடைக்கு முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பிலேயே வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். முதன்மைத் தேர்வாளர்கள் அதை முகாமின் முதல் நாளிலேயே படித்துக் காட்டவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் (வேதியியல்),
விருதுநகர் மாவட்டம்.